ஆணி வலது பக்கம்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மகளும் மருமகனும் பேத்தியும் நானும் சுகம். என் முழங்கால் மட்டும் யாரோடும் ஒத்துப்போவதில்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் அங்கே சுகம்தானா என்று தெரியவேண்டும்.

நாலு ஞாயிற்றுக்கிழமையாக நீ போனில் வரவில்லை. பத்து மணி அடித்தால் நான் போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன், வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானே கூப்பிட்டால் உன் வீட்டுக்காரி எடுக்கிறாள். ஒரு தடவை கடையில் இருக்கிறார் என்றாள், இன்னொரு தடவை குளிக்கிறார் என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஏது கடை? நீ என்ன யானையா, ஒரு மணி நேரம் குளிக்க? நாலு வயது வரைக்கும் நீ பேசியது வீட்டில் யாருக்கும் விளங்காது. நான்தான் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். அப்போது ஓயாமல் பேசினவனுக்கு இப்போது அக்காவோடு பேச நேரமில்லை.

அதனால் கடிதம். மகள் நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டாள். அஞ்சாம் வகுப்பு பாஸ் பண்ணினவள் ஆள் வைத்து எழுதும் நிலைமை இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி. என் பேத்தி பஸ் ஓட்டும் பரீட்சையில் முதல் தடவையிலேயே பாஸ். நாற்பது பேர் உட்காரும் பஸ். நான் முதல் சீட்டில் உட்கார்ந்து போய் வந்தேன். ஏறுகிறவர்களிடமெல்லாம் ஓட்டுவது என் பேத்தி என்று சொன்னேன். மூன்றாவது நிறுத்தத்தில் அவள் திரும்பி, ஆச்சி, வாயை மூடிக்கிட்டு வா என்றாள். 

பதில் போடு. ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 25

அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நாங்கள் இரண்டு பேரும் நலம். பஸ் ஓட்டும் பேத்திக்கு என் ஆசீர்வாதம். உன்னை ஏற்றிக்கொண்டு ஓட்டினாள் என்றால் இனி எந்த மலைப்பாதையும் அவளுக்குப் பயமில்லை.

போனில் வராததற்குக் கோபிக்காதே. கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தை இடிக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் காது அடைத்துக்கொண்டு வலிக்கிறது. கொஞ்ச நாளைக்குக் கடிதமே எழுதிக்கொள்வோம். உன் கையெழுத்தைப் பார்த்து முப்பது வருஷம் இருக்கும். அதே கையெழுத்து, மழைக்குக் கலைந்த எறும்பு வரிசை.

ஒரு சினிமாக் கொட்டகையின் நாற்காலி எல்லாவற்றுக்கும் மெத்தை மாற்றும் வேலை வந்திருக்கிறது. நானூறு நாற்காலி. அப்பா காலத்தில்கூட இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. நம் கடைப் பெயரைக் கேட்டு வந்தார்கள்.

வாயில் ஒரு சின்னப் புண். இடது கன்னத்துக்கு உள்ளே. ஆணி குத்தினது. நாற்பத்தெட்டு வருஷமாக வாயில் ஆணி வைத்து வேலை செய்கிறவனுக்கு இது ஒரு சேதியா? வலிகூட இல்லை. நீ கேட்பாய் என்றுதான் நானே எழுதிவிட்டேன்.

தம்பி


பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது, படித்தேன், இன்னொரு தடவையும் படித்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

நானூறு நாற்காலி என்றதும் எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் அப்பா கடையில் மெத்தை உறை தைத்ததும் சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை. இருபது பொடி ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, நாக்காலேயே ஒவ்வொன்றாகத் திருப்பி, தலை வெளியே தெரிய உதட்டுக்குத் தள்ளுவார் அப்பா. காந்தச் சுத்தியல் வந்து கவ்விக்கொண்டு போய் ஒரே அடி. வலது கன்னம் உப்பியிருப்பதைப் பார்த்து, வந்தவர்கள் பல்வலியா என்று கேட்பார்கள். நான் சொன்னதற்கு மருமகன், முழுங்கிட மாட்டாங்களா என்றார். நாங்கள் என்ன உங்களைப் போலவா, பேசிக்கொண்டே சாப்பிட என்றேன்.

புண்ணுக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி, காலையும் இரவும். காரம் வேண்டாம். அந்தப் பக்கம் ஆணி போடாதே.

புகையிலையையும் கொஞ்சம் குறை. நான் விட்டு எவ்வளவு நாளாயிற்று பார். மனம் வைத்தால் முடியும்.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

நலம். நலமே இருப்பீர்கள். தாமதத்துக்கு நாற்காலிதான் காரணம். இருநூற்றுப் பத்து முடிந்தது.

உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறேன். புண் அப்படியே இருக்கிறது. வலி இல்லாததால் அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான். வாயில் ஆணி ஐந்தாறுக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. வயதாகிறது போல. ஆணி அடிக்கிற ஸ்டேப்ளர் ஒன்று வாங்கிவிட்டேன். அப்பா பார்த்தால் கடையை விட்டு இறங்கச் சொல்லியிருப்பார்.

வீட்டுக்காரி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இப்போதெல்லாம் கஞ்சி நன்றாக வைக்கிறாள்.

தம்பி


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். இதை நின்று நிதானமாகப் படி. கடையில் வைத்துப் படிக்காதே.

என் கீழ்ப்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பேத்தி விடுமுறை போட்டுப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் சின்னப் பெண். பல்லைப் பார்க்கச் சொன்னால் வாய் முழுக்கப் பார்த்தாள். ஒரு குட்டிக் கண்ணாடியை விட்டுக் கன்னம், ஈறு, நாக்கைத் தூக்கி அடியில் என்று வாடகை வீடு பார்க்க வந்தவளைப் போல ஒரு மூலை விடவில்லை. பல்லைப் பிடுங்கிய பிறகு, பஞ்சைக் கடித்துக்கொண்டே உன் புண்ணைப் பற்றிக் கேட்டேன். என் தம்பிக்கு ஆணி குத்தினது, ஆற மருந்து வேண்டும் என்றேன்.

எவ்வளவு நாளா இருக்கு என்றாள். ஜனவரியிலேயே இருந்தது என்றேன். கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "வாய்ல எந்தப் புண்ணா இருந்தாலும் மூணு வாரத்துல ஆறலைன்னா காட்டிடணும் பாட்டி. நீங்க மூணு மாசம்ங்கறீங்க."

நானும் விடவில்லை. வலியே இல்லையாம் டாக்டர், கெட்டதாக இருந்தால் வலிக்காதா என்றேன். "ஆரம்பத்துல வலிக்காது. வலிச்சா எல்லாரும் முன்னாடியே ஓடி வந்துடுவாங்களே" என்றாள். பிறகு எந்தப் பக்கம் என்று கேட்டாள். இடது கன்னம் என்றேன். "ஆணியை இடது பக்கமா வச்சுக்குவார்?"

வாயில் இருந்த பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

தம்பி, ஆணி வலது பக்கம். வேறு எதுவானாலும் இடது பக்கம். அப்பா நமக்குச் சொன்ன முதல் பாடம் அது. எச்சில் துப்பும்போது ஆணி போய்விடக்கூடாது, ஆணி தள்ளும்போது புகையிலை வந்துவிடக்கூடாது. இந்த நாற்பத்தெட்டு வருஷத்தில் நீ ஒரு ஆணியைக்கூட இடது கன்னத்தில் வைத்திருக்கமாட்டாய். அங்கே எது இருக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படியிருந்தும் நீ ஆணி என்று எழுதினாய், உப்புத் தண்ணீர் கொப்பளி என்று நானும் எழுதினேன். அந்தக் கடையிலேயே வளர்ந்த இரண்டு பேர்.

கஞ்சி என்று எழுதியிருந்தாய். உனக்குக் கஞ்சி பிடிக்காது.

டாக்டர் ஒரு சோதனை சொன்னாள். கண்ணாடி முன்னால் நின்று நடு மூன்று விரலைச் சேர்த்து ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் விட்டுப் பார். போகவில்லை என்றால் அதுவும் நல்ல அடையாளம் இல்லையாம். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா பார். போய்க் காட்டு. நாற்காலி நிற்கும், அதற்கு நாலு கால் இருக்கிறது.

எனக்குப் பல் பிடுங்கினதோடு சரி. வேறு ஒன்றும் இல்லை.

அக்கா


ஏப்ரல் 21

தம்பிக்கு,

சுகம். இருபத்துநாலு நாள் ஆகிறது. தபால்காரர் என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கமாகப் போகிறார், பாவம்.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா


ஏப்ரல் 29

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை அவர் கண்ணாடி முன்னால் நின்று படித்தார். மூன்று விரலை வைத்துப் பார்த்தார், நான் கதவிடுக்கில் பார்த்தேன். ஒன்றரை விரல்தான் போயிற்று. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு மட்டும் பதினோரு நாற்காலி முடித்தார்.

காதுவலிக்குக் காரணம் கட்டடம் இடிக்கிற சத்தம் இல்லை, அண்ணி. புண் இருக்கிற பக்கத்துக் காதுதான் வலிக்கிறது. பேச்சு தடித்துவிட்டது. வாடிக்கைக்காரர்கள் என்னங்க, என்னங்க என்று இரண்டு தடவை கேட்கிறார்கள். உங்களோடு பேசினால் ஒரு வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் போன் பக்கம் வருவதில்லை. நான் சொன்ன பொய்களுக்கு மன்னியுங்கள்.

டாக்டரிடம் போகலாம் என்றால், கத்தி பட்டால் பரவும் என்கிறார். எங்கள் தெருவில் பூட்டு ரிப்பேர்காரர் ஒருவர் ஆபரேஷன் செய்து மூன்று மாதத்தில் போய்விட்டார், அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். புகையிலை டப்பா இன்னும் பையில்தான். நான் பேசுவது சுவரில் அடித்த பந்து, எனக்கே திரும்பி வருகிறது. நீங்கள் சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
தங்கள் நாத்தனார் பாசத்தை நம்பும்
தம்பி மனைவி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு உன் வீட்டுக்காரியைத் திட்டாதே. திட்டினாய் என்று தெரிந்தால், இரண்டு நாள் ரயிலானாலும் இந்த முழங்காலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

போன கடிதங்களில் நான் எழுதாமல் விட்டவை இரண்டு. முதலாவது சின்னது. நான் புகையிலையை விடவில்லை. பட்டன் டப்பாவின் அடியில் வைத்து, யாரும் பார்க்காதபோது போட்டுக்கொண்டிருந்தேன். மகளுக்குத் தெரியாது. பேத்தி பல் ஆஸ்பத்திரிக்கு வந்தாளே, அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. அந்தப் பெண் டாக்டர் குட்டிக் கண்ணாடியை என் கீழ் உதட்டுக்குப் பின்னால் பிடித்து, பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெள்ளைத் திட்டு, பட்டன் அளவு. பேத்தி வண்டியில் வரும்போது, "பஸ்ல ஏர்றவங்ககிட்டல்லாம் என்னைப் பத்திப் பெருமையா சொல்றே. நான் உன்னைப் பத்தி என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு எழுபது வயது நெருங்குகிறது. இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.

அந்தத் திட்டிலிருந்து சோதனைக்கு ஒரு துளி வெட்டி எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி, அது எறும்புக்கடி. காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. முடிவு வந்தது: இன்னும் புற்று இல்லை. விடாவிட்டால் ஆகலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டவேண்டும். உன் கத்தியைப் பற்றியும் கேட்டேன். வெட்டிப் பார்ப்பதால் பரவாது என்றாள். பூட்டுக்காரர் கதையைச் சொன்னேன். அவர் எவ்வளவு நாள் புண்ணோடு வீட்டில் இருந்துவிட்டு வந்தார் என்று கேட்டாள். அதை நீ உன் தெருவில் விசாரித்துப் பார்.

இரண்டாவது பெரியது. நீ கடைக்கு வந்த முதல் வருஷம், பன்னிரண்டு வயது. கடைவாய்ப் பல் வலித்து அழுதாய். அப்பா வெளியே போயிருந்தார். நான்தான் அவர் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உன் பல்லில் வைத்தேன். இடது பக்கம். இப்படியே அடக்கிக்கோ, வலி ஓடிப்போயிடும் என்றேன். வலி நின்றது. அடுத்த நாளும் நீ வந்து கேட்டாய், நானும் கொடுத்தேன். உன் ஜனவரிக் கடிதத்தில் இடது கன்னம் என்று படித்தபோதே எனக்கு இது ஞாபகம் வந்தது. வந்ததை உள்ளே தள்ளிவிட்டுத்தான் உப்புத் தண்ணீர் என்று எழுதினேன். ஆணியாகவே இருக்கட்டும் என்று உன்னைவிட எனக்குத்தான் ஆசை.

இப்போது டப்பாவைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டேன். உள்ளே பட்டன் மட்டும்தான். பதினெட்டு நாளாகிறது. யாரைப் பார்த்தாலும் கடிக்கத் தோன்றுகிறது. மருமகன் என் அறைப் பக்கமே வருவதில்லை.

போய் வாயைத் திறந்து காட்டு. அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னதும் திறந்தாயே.

அக்கா


மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமில்லை. நீ நலமாக இருக்கவேண்டும்.

உன் கடிதம் வந்த மறுநாள் போனேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பினேன். மூன்றாவது தடவை வீட்டுக்காரி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றாள், திரும்ப வழியில்லை. வெட்டிப் பார்த்தார்கள். புற்றுதான். அந்த வார்த்தையை எழுத மூன்று தாள் கிழித்தேன். கன்னத்திலும் தாடையிலும் கொஞ்சம் எடுக்கவேண்டும், கழுத்திலும் திறந்து பார்ப்பார்களாம். ஜனவரியில் வந்திருந்தால் இதில் பாதிகூட எடுக்கவேண்டியிருக்காது என்றார் டாக்டர். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் எடுத்தும் பயன் இருந்திருக்காதாம். ஜூன் மூன்றாம் தேதி ஆபரேஷன்.

பூட்டுக்காரர் வீட்டில் விசாரித்தேன். ஒன்றரை வருஷம் மருந்துப் பொடி தடவிக்கொண்டிருந்தாராம்.

முந்நூற்று நாற்பதோடு நிறுத்திவிட்டேன். மீதி அறுபது நாற்காலியை எதிர்க் கடைக்காரனிடம் கொடுத்தேன். படம் பார்க்கப் போகிறவர்கள் எது என் நாற்காலி, எது அவனுடையது என்று உட்கார்ந்ததும் தெரிந்துகொள்வார்கள்.

பல்வலி எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு உன் கையில் துணிப் பசை வாசனை. நீ வைத்தது இரண்டு நாள், அக்கா. நான் வைத்தது நாற்பத்தெட்டு வருஷம். கணக்கு அஞ்சாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்களே.

டப்பாவை டாக்டர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

நீ வராதே. என்னை இப்படி நீ பார்க்கவேண்டாம்.

தம்பி


மே 29

தம்பி,

முழங்கால் டாக்டரும் ரயில் கூடாது என்கிறார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. மூன்றாம் தேதி காலையிலிருந்து போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உன் வீட்டுக்காரியை ஒரு வார்த்தை சொல்லச் சொல். நல்லதோ கெட்டதோ, இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டுக்காரி போனில் சொல்லிக்கொண்டிருப்பதால் உனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் என் கையால் எழுதவேண்டும் என்று தோன்றியது. உன் உதட்டுத் திட்டு அப்படியேதான் இருக்கிறது, பெரிதாகவில்லை என்று அவள் சொன்னாள். நல்லது.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்றார்கள். கதிர் பாய்ச்சுகிற மின்சார வைத்தியம் முப்பது நாளும் முடிந்தது. எதைத் தின்றாலும் மண் ருசி. தொடையிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். தையலைக் கண்ணாடியில் பார்த்தேன். குறை சொல்ல முடியாது, நானே தைத்தாலும் அவ்வளவு நெருக்கமாக வராது. மெத்தை மாற்றிக்கொண்ட முதல் ஆள் நம் குடும்பத்தில் நான்தான்.

வாரத்தில் இரண்டு நாள் கடைக்குப் போய் உட்கார்கிறேன். துணி கட்டிங் மட்டும். ஆணி வாயில் வைக்க இனி முடியாது. காந்தச் சுத்தியலைச் சுவரில் மாட்டிவிட்டேன்.

பேச்சுதான். ஒரு பெண் வந்து கற்றுக்கொடுக்கிறாள். க, ச, ல எல்லாம் ஒன்றாகவே வருகிறது. வீட்டுக்காரிக்குப் பாதி புரிகிறது, மீதியைத் தாளில் எழுதிக் காட்டுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள், புரியாமல்தான். வெளியே யாரோடும் பேசுவதில்லை. தினமும் பேசவேண்டும், இல்லையென்றால் நாக்கு படியாது என்று அந்தப் பெண் சண்டை போடுகிறாள்.

உன்னோடு பேசவேண்டும் போல இருக்கிறது. ஆனால் நான் சொல்வது உனக்குப் புரியாது, அக்கா. நீ அழுவாய். அதனால் கடிதத்தோடு இருப்போம்.

தம்பி


ஆகஸ்ட் 24

தம்பி,

இங்கே எல்லோரும் சுகம். நானும்தான். டப்பாவில் இன்னும் பட்டன்தான் இருக்கிறது.

நீ நாலு வயது வரைக்கும் பேசியதை அம்மாவுக்கு யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி. நாற்காலியைப் போட்டுவிட்டேன்.

அக்கா